ஓதிக் காட்டிய கணனியும் ஓதக் கேட்கும் உஸ்தாதும்

கம்பளையில் பெண்களுக்கான குர்ஆன் வகுப்பொன்றில் நடந்த நிகழ்ச்சி இது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு சகோதரி, திரைக்கு அப்பாலிருந்து சூரத்துல் ஹுஜுராத்தை ஓதிக் காட்டினார். இனிய குரல், தடங்கலே இல்லை. அந்த சூராவின் 11 ஆம் வசனத்தில் 'பெயர்' என்று பொருள்படும் சொல் 'ஸீன்' எழுத்தோடு வருகிறது. 12 ஆம் வசனத்தில் 'பாவம்' என்று பொருள்படும் சொல் மூன்று புள்ளி 'ஸா'வோடு வருகிறது. அவரோ இரண்டையும் ஒன்றாகவே ஓதினார்.

"யாரிடம் ஓதினீர்கள் தாத்தா?" என்று கேட்டேன்.

"கம்பியூட்டரிடம்தான் மௌலவி!" என்றார்.

1990களின் இறுதியில் அவருடைய கணவர் அரபு நாட்டிலிருந்து ஒரு கணனியையும் குர்ஆன் இறுவட்டு ஒன்றையும் கொண்டு வந்தாராம். கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவருக்கு ஓதிக் கொடுக்க யாருமில்லை. தமிழில் எழுத்துப் பெயர்த்த நூலை மடியில் வைத்து, இறுவட்டைக் கேட்டுக் கேட்டே பழகியிருக்கிறார். பிழையைச் சொன்னதும் அவருடைய குரல் தழுதழுத்தது. "அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் ஓதியதெல்லாம் வீணா மௌலவி?"

ஊமையாக இருந்த இயந்திரம்

அவருக்கு விடை சொல்லுமுன் கணனி பேசக் கற்ற கதையைச் சற்றுப் பார்ப்போம். 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணனி 'பீப்' என்று ஒலியெழுப்புவதற்கு மேல் அதிகம் அறியாதது. 1984 ஜனவரியில் அறிமுகமான மெக்கின்டோஷ் மேடையிலேயே பேசி மக்களை வியக்க வைத்தது. 1989 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அதன் பின்னரே, பதிவு செய்த மனிதக் குரல் சாதாரண வீட்டுக் கணனிகளில் பரவலாக ஒலிக்கத் தொடங்கியது.

அரபு மொழிக்கு இப்பணியைச் செய்தவர்களுள் முன்னோடி குவைத்தைச் சேர்ந்த முஹம்மத் அஷ்ஷாரிஃக். 1982 இல் அவர் தொடங்கிய நிறுவனமே 'ஸக்ர்' கணனிகளை வெளியிட்டது. அல்குர்ஆனைக் கணனித் திரைக்குக் கொண்டு வந்த முதல் முயற்சிகளுள் அவர்களுடையதும் ஒன்று. 1990களில் வந்த அவர்களின் இறுவட்டுகளில் எழுத்துடன் ஓதலும் சேர்ந்தது. இச்சேவைகளுக்காக அவருக்கு 2021 இல் மன்னர் ஃபைஸல் விருது கிடைத்தது. 2024 இல் அவர் வஃபாத்தானார்.

ஒரு ஜுஸ்வுக்கு ஓர் இறுவட்டு

ஒலியைச் சேர்ப்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. இறுவட்டில் நாம் கேட்கும் தெளிவான ஒலிக்காக ஒரு விநாடியில் 44,100 தடவை ஒலி அளந்தெடுக்கப்படுகிறது. ஒரு நிமிட ஓதலுக்கே ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் வேண்டும். அக்காலத்து 1.44 மெகாபைட் ப்ளொப்பியில் சூரத்துல் ஃபாத்திஹாவின் பாதி கூட அடங்காது. ஓர் இறுவட்டு 74 நிமிடம் கொள்ளும். ஆகவே ஒரு ஜுஸ்வுக்கு ஓர் இறுவட்டு என்ற கணக்கில், முழுக் குர்ஆனுக்கும் முப்பது இறுவட்டுகள் தேவைப்படும்!

அத்தனையையும் ஒரே வட்டில் அடக்க என்ன செய்வது? விநாடிக்கு 44,100 தடவை அளப்பதற்குப் பதிலாக, 8,000 அல்லது 11,000 தடவை மட்டும் அளந்து சுருக்கினார்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கூரிய, மெல்லிய ஒலிகளே. தொலைபேசியில் பெயர் சொல்லும்போது 'ஸ'வும் 'ஃப'வும் தடுமாறுகின்றன அல்லவா? அதே காரணம்தான். 'ஸீன்', மூன்று புள்ளி 'ஸா' ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்மை பெரும்பாலும் அந்தக் கூரிய ஒலியில்தான் இருக்கிறது. நம் சகோதரியின் இறுவட்டில் அது மங்கிவிட்டது. தமிழ் எழுத்திலோ இரண்டும் 'இஸ்மு' என்றே ஆகிவிட்டது. காதும் கண்ணும் சேர்ந்து அவரை ஏமாற்றின.

எழுத்தோடு போன குரல்

குர்ஆன் எழுத்தால் மட்டும் நம்மை வந்தடையவில்லை. ஜிப்ரீல் (அலை) ஓத நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். நபியவர்கள் ஓத ஸஹாபாக்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹப் பிரதிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பியபோது, ஓதிக் காட்டுவோரையும் உடன் அனுப்பினார்கள் என்று அறிஞர்கள் கூறுவர். 1960களின் தொடக்கத்தில் எகிப்தின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (ரஹ்) அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்ததும் இதே வழியில் அமைந்த பெரும் பணியே.

ஆனால் இறுவட்டுக்கு வாய் இருந்தது, காது இருக்கவில்லை. அது ஓதிக் காட்டியது. நாம் ஓதியதைக் கேட்டுத் திருத்தவில்லை. இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒலி தெளிவாக இருக்கிறது. விடுபட்ட சொல்லைச் சுட்டிக் காட்டும் செயலிகளும் வந்துள்ளன. என்றாலும் நாக்கு எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

எனவே சகோதரிகளே, ஹுஸரி அவர்களின் நிதானமான ஓதலை ஒவ்வொரு வசனமாகக் கேளுங்கள். திரும்ப ஓதி, உங்கள் குரலையே பதிவு செய்து ஒப்பிடுங்கள். பின்னர் வாரத்தில் ஒரு தடவையாவது ஒரு மௌலவியாவிடம் ஓதிக் காட்டுங்கள். பெண்கள் அரபுக் கல்லூரிகளில் பயின்ற மௌலவியாக்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றனர். தமிழ் எழுத்தை மட்டும் நம்பி ஓதாதீர்கள்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தாத்தா, சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்பது புகாரி, முஸ்லிமில் வரும் நபிமொழி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக ஓதப் பழகிய உங்கள் உழைப்பை அல்லாஹ் வீணாக்க மாட்டான். தெரியாமல் நடந்தது நேற்றோடு முடிந்தது. இனித் திருத்தி ஓதுங்கள்."

அடுத்த வாரம் அவர் அதே வசனத்தை ஓதினார். நாக்கின் நுனி முன்பல்லைத் தொட, மூன்று புள்ளி 'ஸா' திரைக்கு அப்பாலிருந்து தெளிவாகக் கேட்டது. "மாஷா அல்லாஹ்" என்றேன்.

குர்ஆனை அது இறங்கிய முறையில் ஓதும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.