பழைய கம்பியூட்டரில் கேம்: எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது?

பில் போடுவதற்கும் ஸ்டொக் பார்ப்பதற்கும் கம்பியூட்டர் இல்லாத கடைகள் இன்று குறைவு. ஆறேழு வருடங்கள் பாவித்த பின்னர் அதன் வேகம் குறைந்துவிடும். கடைக்குப் புதியதொன்றை வாங்கிக்கொண்டு பழையதை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள். "வாப்பா, இதற்கு ஒரு கிரபிக்ஸ் கார்ட் மட்டும் வாங்கித் தாங்க, கேம் விளையாடலாம்" என்பதே அவர்களது முதலாவது கோரிக்கையாக இருக்கும்.

இக்கோரிக்கையில் பாதி சரி, பாதி பிழை. ஆனால் சரக்கு எடுக்கும்போது ஐந்து ரூபாவுக்குக் கூடப் பேரம் பேசுகின்ற நம்மவர்கள், தெரியாத துறை என்பதால் கம்பியூட்டர் கடைக்காரர் சொன்ன தொகையை அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டு வருகின்றார்கள். கம்பியூட்டர் பாகங்கள் யாவும் டொலருக்கு வருபவை. 2022 மார்ச் மாதத்தில் ரூபாவை மிதக்க விட்ட பின்னர், 200 ரூபாவை அண்மித்திருந்த டொலர் இரண்டே மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் யாரும் மறக்கவில்லை. எனவே இதுவும் வியாபாரக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய ஒரு செலவாகும்.

வாடகைக் கடைக் கணக்கு

வாடகைக் கடையொன்றை எடுக்கும் அனுபவசாலி என்ன செய்வார்? ராக்கை, தராசு, குளிரூட்டி போன்றவற்றுக்குத் தாராளமாகச் செலவழிப்பார். கடை மாறும்போது அவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம். நிலத்துக்கு டைல்ஸ் பதிக்கவும் சுவரை இடித்துக் கட்டவும் கையை இறுக்குவார். அவை கட்டடக்காரனுக்குப் போய்ச் சேருபவை.

பழைய கம்பியூட்டரும் வாடகைக் கடை போன்றதுதான். அதன் மதர்போர்ட் இன்னும் சில வருடங்களில் விடைபெறும். கிரபிக்ஸ் கார்ட், எஸ்.எஸ்.டி., நல்ல பவர் சப்ளை, மொனிட்டர் ஆகியவை அடுத்த கம்பியூட்டருக்கும் வரும். பழைய வகை ரெம்மும் புரொசெஸரும் வராது. முதல் வகைக்குச் செலவழியுங்கள். இரண்டாம் வகைக்கு அவசியமானதை மட்டும் கொடுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான தவறுகளிலிருந்து தப்பிக்கொள்ளலாம்.

இருப்பதை முதலில் எழுதுங்கள்

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்.பி. கம்பியூட்டர்கள் நமது சந்தையில் தாராளமாக விற்கப்படுகின்றன. பல கடைகளில் இருப்பவை இவைதான். உதாரணத்துக்கு டெல் ஒப்டிப்ளெக்ஸ் 9020 என்ற மொடலை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் இருப்பது 2013இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-4570 புரொசெஸர். 4570 என்பதன் முதலாவது இலக்கம் அது நான்காவது தலைமுறை என்பதைக் காட்டுகிறது. இதன் ரெம் டி.டி.ஆர்.3 வகை. பெரிய பெட்டியில் வரும் மொடலின் பவர் சப்ளை 290 வொட்.

உங்கள் கம்பியூட்டரிலும் ஐந்து விடயங்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். புரொசெஸர் எது, ரெம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, பவர் சப்ளை எத்தனை வொட், பெட்டி பெரியதா சிறியதா. இத்துண்டு இல்லாமல் யூனிட்டி பிளாஸா பக்கம் போவது, அளவு எடுக்காமல் கதவு வாங்கப் போவது போன்றதாகும்.

பின்னர் பிள்ளையிடம் கேளுங்கள்: என்ன கேம்? ஏனெனில் கேமுக்குக் கேம் தேவை மாறுபடும். வலரன்ட் என்ற கேமை விளையாட அதன் தயாரிப்பாளர்கள் சிபாரிசு செய்வது ஐ3-4150 புரொசெஸரும் ஜி.டி. 730 என்ற சாதாரண கார்டும்தான். 2023இல் வெளிவந்த கவுண்டர் ஸ்டிரைக் 2 குறைந்தபட்சம் 8 ஜிகாபைட் ரெம்மும் 85 ஜிகாபைட் இடமும் கேட்கிறது. ஆனால் சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேமொன்றுக்கு இப்போதைய குறைந்தபட்சத் தேவையே ஐ7-6700 புரொசெஸர், 12 ஜிகாபைட் ரெம், 6 ஜிகாபைட் ஜி.டி.எக்ஸ். 1060 கார்ட், எஸ்.எஸ்.டி. என்பதாகும். முதல் இரண்டுக்கும் பழைய பெட்டி போதும். மூன்றாவதற்கு அதில் பணம் போடுவது வீண்.

செலவில்லாத வேலை முதலில்

கடையில் இருந்த கம்பியூட்டரின் உள்ளே ஒரு கைப்பிடித் தூசியாவது இருக்கும். பிடவைக் கடையென்றால் நூலும் பஞ்சும் சேர்ந்திருக்கும். விசிறியில் காற்று ஓடாவிட்டால் புரொசெஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து தூசியை அகற்றி, புரொசெஸருக்கு மேலே காய்ந்து போயிருக்கும் பசையைத் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட் பூசுங்கள். ஒரு சிறிய டியூப் போதும்.

கேமுக்குள்ளே இருக்கும் செட்டிங்ஸையும் மாற்றிப் பாருங்கள். திரையை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்தால், கார்ட் வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும், ஓட்டம் சீராகும்.

எதை, எந்த ஒழுங்கில்?

முதலாவது எஸ்.எஸ்.டி. சாதாரண ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் வாசிக்கும். சிறு சிறு பைல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. இதனால் கேமின் படம் வேகமாக ஓடும் என்று நினைக்க வேண்டாம். திறப்பதும் லோட் ஆவதும்தான் விரைவுபடும். ஆனால் முழுக் கம்பியூட்டருமே புதியது போலாகிவிடும். 240 ஜிகாபைட் இரண்டு கேமுடன் நிரம்பிவிடும் என்பதால் 480 அல்லது 500 எடுப்பதே இலாபம்.

இரண்டாவது ரெம். 4 ஜிகாபைட் இருந்தால் கட்டாயம் கூட்ட வேண்டும். 8 இருந்தால் சிறிய கேம்களுக்குச் சமாளிக்கலாம், 16 வசதியானது. ஒரே அளவான இரண்டு துண்டுகளைச் சோடியாகப் போடுவது தனியொன்றைப் போடுவதை விட வேகம் தரும். ஆனால் டி.டி.ஆர்.3 ரெம் அடுத்த கம்பியூட்டருக்கு வராது. பாவித்ததையே வாங்குங்கள், அளவோடு வாங்குங்கள். 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் புதிய ரெம்மினதும் எஸ்.எஸ்.டி.யினதும் விலைகள் உலகெங்கும் ஏறின. ஆகவே வாங்கும் நாளின் விலையை இரண்டு மூன்று இடங்களில் கேட்பது நல்லது.

மூன்றாவதுதான் கிரபிக்ஸ் கார்ட். கேமுக்கு உயிர் இதுவே. கையிலுள்ள தொகையில் பாதி இதற்குப் போவது நியாயம். பழைய அலுவலகக் கம்பியூட்டர்களுக்குப் பொருத்தமானது, மதர்போர்ட்டின் துளையிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓடும் கார்ட் ஆகும். அந்தத் துளை 75 வொட் வரை கொடுக்கும். 2016இன் ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 2019இன் ஜி.டி.எக்ஸ். 1650, 2024இன் ஆர்.டி.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைட் வகை ஆகியன இந்த எல்லைக்குள் வருகின்றன. எனினும் 1650இல் சில தயாரிப்புகள் தனியான மின் இணைப்புக் கேட்கும்; பார்த்து வாங்க வேண்டும். 1050 டி.ஐ. உள்ளிட்ட பழைய வகைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபருடன் முடித்துக்கொண்டது. எனவே நல்ல விலைக்குக் கிடைத்தால் 1650ஐ எடுப்பதே புத்தி. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 மின்சாரம் குறைவாக எடுக்கும் என்றாலும், பழைய மதர்போர்ட்டில் அதன் முழு வேகம் கிடைக்காது.

சிறிய பெட்டியென்றால் 'லோ புரொபைல்' எனப்படும் குட்டையான கார்ட்தான் உள்ளே போகும். இன்னொன்று, மேலே சொன்ன கார்ட்களில் பழைய வீ.ஜீ.ஏ. மொனிட்டருக்கான துளை கிடையாது. எச்.டி.எம்.ஐ. உள்ள மொனிட்டரோ அல்லது அதற்கான மாற்றியோ தேவைப்படும். இச்செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த பிடவை வியாபாரி ஒருவர் மகனுக்காகப் பாவித்த கார்ட் ஒன்று வாங்கினார். விலை மலிவு. வீட்டில் வந்து பார்த்தால் அது தனி மின் இணைப்புக் கேட்டது. அவரது 290 வொட் பவர் சப்ளையில் அப்படியொரு வயர் இல்லை. திரும்பப் போய் சாதாரணச் சந்தையில் விற்கும் 500 வொட் ஒன்று வாங்கினார். அதுவும் பொருந்தவில்லை. சாதாரண பவர் சப்ளையில் மதர்போர்ட்டுக்குப் போகும் இணைப்பு 24 பின். இவரது டெல் கம்பியூட்டர் கேட்டதோ தனக்கேயுரிய 8 பின் இணைப்பு. மூன்றாவது தடவையாக மாற்றும் வயர் தேடிப் போக வேண்டியதாயிற்று. கார்ட்டில் மிச்சம் பிடித்த பணம் பவர் சப்ளையிலும் முச்சக்கரவண்டிக் கூலியிலும் போய்விட்டது.

மலிவான பெயர் தெரியாத பவர் சப்ளை இதைவிட ஆபத்தானது. பெட்டியில் 500 வொட் என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சுமை வரும்போது தாங்காது. கெட்டுப் போகும்போது மதர்போர்ட்டையும் கார்ட்டையும் சேர்த்தே கொண்டுபோகலாம். பவர் சப்ளை மாற்றத்தான் வேண்டுமென்றால் உத்தரவாதத்துடன் கூடிய நல்லதொன்றை வாங்குங்கள்.

பாவித்த கார்ட் வாங்கும்போது

2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்ட் கொண்டு தோண்டும் முறை முடிவுக்கு வந்ததும், இரவு பகலாக ஓடிய கார்ட்கள் உலகச் சந்தைக்குத் திரண்டு வந்தன. அவை எல்லாமே கூடாதவை என்றில்லை. விசிறி தேய்ந்திருக்கிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். போலிகளும் உண்டு. பழைய கார்ட்டின் உள் மென்பொருளை மாற்றி, 1050 டி.ஐ. என்று பெயர் காட்டும்படி செய்து விற்றிருக்கிறார்கள். ஜி.பி.யூ.-இசெட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும்.

எனவே விற்பவரின் கம்பியூட்டரில் போட்டு, அரை மணித்தியாலம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடோ புள்ளியோ வந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மாத உத்தரவாதமாவது பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத உத்தரவாதம் வெறும் பேச்சுத்தான்.

எங்கே நிறுத்துவது?

விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே. வலரன்ட் போன்ற கேம் விண்டோஸ் 11இல் ஓடுவதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். ஆகவே நான்காவது தலைமுறைப் பெட்டிக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. அதில் ஐ5ஐக் கழற்றிவிட்டு ஐ7-4770 போடுவது, வாடகைக் கடைக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை.

நான் சொல்லும் அளவுகோல் இதுதான். கார்ட்டையும் எஸ்.எஸ்.டி.யையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். மற்றைய திருத்தங்களின் மொத்தச் செலவு, எட்டாவது தலைமுறையில் பாவித்த கம்பியூட்டர் ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டுமானால் பழையதை விற்றுவிட்டு அதை வாங்குங்கள். கார்ட்டும் எஸ்.எஸ்.டி.யும் உங்களோடு வரும்.

கடைக் கணக்கும் கேமும் ஒன்றாக வேண்டாம்

கடையில் இன்னும் பாவனையிலுள்ள கம்பியூட்டரை இரவில் கேமுக்குக் கொடுக்க வேண்டாம். காசு கொடுக்காமல் இறக்கும் கேம்களோடு வைரஸும் வரும். கடன் கொப்பி, வாடிக்கையாளர் விபரம், வங்கிக் கணக்கு யாவும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. கவுண்டர் ஸ்டிரைக் 2, வலரன்ட் இரண்டுமே இலவசமாக முறைப்படி கிடைக்கும்போது திருட்டுப் பிரதிக்கு அவசியமும் இல்லை. பழையதை வீட்டுக்கு அனுப்புமுன் கணக்குகளைப் பிரதியெடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் புதிய எஸ்.எஸ்.டி. போடப் போகிறீர்கள் அல்லவா?

இறுதியாக ஒன்று. பணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். முழுவதையும் நீங்களே தீர்மானிக்கவும் வேண்டாம். ஒரு தொகையைச் சொல்லி, மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எது அடுத்த கம்பியூட்டருக்கு வரும், எது வராது என்று அவனே பிரித்துக் காட்டட்டும். கார்ட்டுக்குக் கொடுக்கும் காசில் கொள்வனவும் பழகிக்கொள்வான்.