தகவல் வந்தாச் சொல்றோம்

"ஏனுங்க சார், ஏதாச்சும் தகவல் தெரிஞ்சுதுங்களா?" கொங்கு நாட்டில் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றாலும் என்றைக்காவது காதில் விழும் கேள்வி இது. கேட்பவர் வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு நிற்கும் ஓர் அப்பாவாக இருப்பார். அல்லது ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்களை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருக்கும் ஓர் அம்மாவாக இருப்பார். "தகவல் வந்தாச் சொல்றம்மா, போய்ட்டு வாங்க" என்று பதில் வரும். அதில் கடுமை எதுவும் இருக்காது. ஆனால் அதை நம்பித் திரும்பிப் போன குடும்பங்களுக்கு மாதங்களும் வருஷங்களும் அப்படியே கழிந்திருக்கின்றன.

வெள்ளகோவில் பக்கம் ஓர் ஆளைக் காணோம் என்றால், சொந்தபந்தம் முதலில் கிணறுகளை எட்டிப் பார்க்கும். தண்ணீர் விட்டிருக்கும் பருவமானால் பி.ஏ.பி. வாய்க்கால் கரையோடு நடந்து தேடும். அப்புறம் காங்கேயம், திருப்பூர், கோவை என்று அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். அதன் பிறகுதான் பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'காணவில்லை' நோட்டீஸ் ஏறும். அதில் இருக்கும் படம் அநேகமாக ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தாலும் அவருடைய தோளில் பாதி படத்திலேயே தங்கியிருக்கும். கீழே கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் நிறம், மச்சம், தழும்பு, இரண்டு செல் நம்பர்.

தேடுவது போலீஸின் வேலை. அதற்கு மேல் ஒரு கடமையும் உண்டு. 'எங்கே?' என்று கேட்கும் குடும்பத்துக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை நீதிமன்றத்தின் வழியே கறந்து எடுத்த ஓர் அப்பாவின் கதை நமக்குப் பக்கத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்புறம் நடந்தது. அதன் ஒரு பகுதி கோவை நீதிமன்றத்திலேயே நடந்தது.

1976 மார்ச் 1, நெருக்கடி நிலைக் காலம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ராஜன், கலைவிழா ஒன்றுக்குப் போய்விட்டு விடியற்காலையில் விடுதிக்குத் திரும்பினார். இன்னொரு மாணவரோடு சேர்த்துப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்கு இரண்டு நாள் முன்பு காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கியிருந்தார்கள். அந்த வழக்குக்காகக் கக்கயத்தில் ஒரு போலீஸ் முகாம் நடந்துகொண்டிருந்தது. ராஜனை அங்கே கொண்டுபோனார்கள். பிறகு அவரை உயிரோடு யாரும் பார்க்கவில்லை.

அப்பா ஈச்சர வாரியர் ஓய்வுபெற்ற ஹிந்திப் பேராசிரியர். கல்லூரி முதல்வர் அனுப்பிய கடிதம் பார்த்துத்தான் மகனைப் பிடித்துக்கொண்டு போன செய்தியே அவருக்குத் தெரியும். முகாமுக்குப் போனார், உள்ளே விடவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரனைப் பார்த்தார். நெடுநாள் அறிமுகமான முதலமைச்சர் அச்சுத மேனனிடமும் போய் நின்றார். உள்துறைச் செயலாளருக்கு மனு, அதற்கு நினைவூட்டல், டெல்லிக்கு மனு என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் உருப்படியான பதில் கிடைக்கவில்லை. வீட்டில் மனநலம் குன்றியிருந்த மனைவி, மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா 2000-இல் இறக்கும் வரை அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகவும் அன்றைக்கு வழியில்லை. நெருக்கடி நிலை இருக்கும் வரை ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கைகழுவியது. ஆனால் வாரியர் காத்திருந்த காலத்தில் அதுதான் சட்டம்.

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. வாரியர் உடனே கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். கருணாகரன் முதலமைச்சராகப் பதவியேற்றிருந்த நேரம் அது. ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் விடுதியில் பார்த்தவர்களையும் முகாமில் அடைபட்டிருந்தவர்களையும் விசாரித்தார்கள். ராஜன் போலீஸ் பிடியில் இருந்தது உண்மை என்று முடிவு செய்து, அவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 13-இல் உத்தரவிட்டார்கள். அரசால் நிறுத்த முடியவில்லை. ஏப்ரல் 25-இல் கருணாகரன் பதவி விலகினார். போலீஸ் காவலில் ராஜன் இறந்துவிட்டார் என்ற உண்மை அதன் பிறகு அரசின் வாயிலிருந்தே வந்தது.

இந்த வழக்கில் என் மனம் நிற்கும் இடம், ஒரு முதலமைச்சர் பதவி இழந்தது அல்ல. அந்த அப்பா எழுதி வைத்த மனுக்கள்தான். எழுதியபோது அவற்றை ஒருவரும் மதிக்கவில்லை. ஆனால் மகனைப் பிடித்துக்கொண்டு போன சில நாட்களிலேயே தேதி போட்டு எழுதிய மனுக்கள் அவை. இது பின்னால் யோசித்துக் கட்டிய கதை என்று சொல்ல அரசுக்கு வாய்ப்பில்லாமல் செய்தவை. அதே கேள்வியை அவர் வாயால் மட்டும் கேட்டிருந்தால், கேட்டதற்கே சாட்சி இருந்திருக்காது.

போலீஸ் அதிகாரிகள் மீதான குற்ற வழக்கு கோவைக்கு மாற்றப்பட்டது. கோழிக்கோட்டுச் சாட்சிகள் ரயிலேறி இங்கே வந்தார்கள். கோவை நீதிமன்றம் அதிகாரிகள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 2006-இல் வாரியர் இறந்தார். ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி' படம், மகனுக்காகப் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் அப்படியோர் அப்பாவை உலகத்துக்குக் காட்டியது.

நம் பக்கத்திலும் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. சென்னிமலையைச் சேர்ந்த சுற்றுச்சூழல் போராளி முகிலன், தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய ஆவணப்படத்தை 2019 பிப்ரவரி 15-இல் சென்னையில் வெளியிட்டார். அன்றிரவு எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் போனவரைக் காணவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. போலீஸ் அவ்வப்போது நிலை அறிக்கை தாக்கல் செய்தது. ஜூலை 6-இல் திருப்பதி ரயில் நிலையத்தில் அவர் தென்பட்டார். பிறகு அவர் மேல் இருந்த ஒரு பாலியல் புகாரில் கைதானார். அந்தப் புகாரைத் தனியாக விசாரித்து முடிவு காண வேண்டியதுதான். ஆனால் அவர் காணாமல் போயிருந்த நாலேமுக்கால் மாதமும் அவர் வீட்டார் கேட்ட கேள்வி நியாயமானது. நீதிமன்றம் தவணை போட்டுக் கூப்பிட்டதால்தான் போலீஸ் ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுத்தது.

எல்லாக் குடும்பத்துக்கும் இது வாய்க்காது. யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் ஆட்கொணர்வு மனு நிற்பது கடினம். கோபித்துக்கொண்டு போன பையன், மறதி நோய் வந்த தாத்தா, மில்லில் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பி ஒடிசா போய்ச் சேராத தொழிலாளி, இவர்களுக்காக அலைபவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் முதல் வாசல், பல நேரம் ஒரே வாசல்.

அந்த வாசலில் முதலில் கேட்க வேண்டியது எஃப்.ஐ.ஆர். நகல். சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பினால், மனு வந்தது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். கடத்தல் போல வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்பது லலிதா குமாரி வழக்கில் 2013-இல் வந்த தீர்ப்பு. காணாமல் போனது குழந்தை என்றால், கடத்தலாக இருக்கலாம் என்று கொண்டே வழக்குப் போட வேண்டும் என்று அதே ஆண்டு இன்னொரு தீர்ப்பு சொல்கிறது. "இது எங்க லிமிட்டில் வராது" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றலாம் என்பது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டேஷனில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. பெண்களுக்கு அதில் வருமான வரம்பே கிடையாது. இது தெரியாமல் நகையை அடகு வைக்கும் அம்மாக்கள் உண்டு.

வெள்ளகோவிலுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கரூர் மாவட்டம், வடக்கே ஈரோடு மாவட்டம். ஈரோடு–கரூர் தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தால் ரயில்வே போலீஸ் கணக்கு. உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றாலும் திருப்பூர் மாவட்டத்துக்காரர் சென்னைக்கும், கரூர்க்காரர் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும். ஒரு ஸ்டேஷனில் 'காணவில்லை' என்றும் அடுத்த மாவட்டத்து ஸ்டேஷனில் 'அடையாளம் தெரியாத ஆண் உடல்' என்றும் எழுதியிருப்பது ஒரே ஆளாக இருக்கலாம். ஸ்டேஷன்களையெல்லாம் இணைக்கும் கணினி வலை இருக்கிறதுதான். ஆனால் இரண்டு பதிவையும் ஒருவர் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். பார்த்தீர்களா, என்றைக்குப் பார்த்தீர்கள் என்று குடும்பம் கேட்க வேண்டும்.

ஏழு வருஷம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. பட்டா மாற்றவும் பேங்க் கணக்கை முடிக்கவும் அது உதவும். ஆனால் குடும்பம் கேட்டது அதை அல்ல. இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-இல் கந்தசாமி கோயில் முன்னால் உட்கார்ந்த தாய்மார்கள் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். இழப்பீடும் சான்றிதழும் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டாம், ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று சொல்லுங்கள் என்கிறார்கள். இலங்கை அரசு காணாமல் போனோர் அலுவலகம் என்றே ஒன்றைச் சட்டம் போட்டுத் திறந்தது. பதில் சொல்லாத அலுவலகத்தால் என்ன பயன் என்று அந்தத் தாய்மார்கள் கேட்பது சரியான கேள்வி.

நம் ஊர் ஸ்டேஷன்களில் ஆள் பற்றாக்குறை இருப்பது எனக்குத் தெரியும். திருவிழா பந்தோபஸ்து, விபத்து, அடிதடி என்று 'காணவில்லை' ஃபைல் அடியில் போய்விடுகிறது. அதனால்தான் மாதம் ஒரு தடவை குடும்பத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று டி.ஜி.பி. அலுவலகமே உத்தரவு போட வேண்டும் என்கிறேன். கடைசி செல் சிக்னல் எந்த டவரில், யார் யாரை விசாரித்தீர்கள், எந்தெந்த மாவட்டத்துப் பதிவுகளை ஒத்துப் பார்த்தீர்கள்: ஒரு பக்கத்தில் அடங்கும் பதில் இது. அந்த உத்தரவு வரும் வரை குடும்பத்தார் இந்தக் கேள்விகளை இரண்டு படியாக எழுதி எடுத்துப் போகட்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் ஸ்டேஷன் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வர வேண்டாம்.