56 கிலோபைட்டுக்கு அப்பால்: பழைய சிறுகணினியில் யூனிக்ஸ்

பழைய கணினியின் நினைவகத்தைப் பெருக்குவது, இன்றைய மேசைக் கணினியில் ஓர் அட்டையைக் கூடுதலாகச் செருகுவது போன்ற எளிய பணியன்று. செயலி எத்தனை முகவரிகளைச் சுட்டவல்லது, அட்டைக்கு எந்த மின்னழுத்தம் தேவை, இயங்குதளம் நினைவகத்தை எவ்வாறு அளக்கிறது என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கூட்டிய நினைவகம் பயன்தரும். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் 1970இல் வெளியிட்ட பி.டி.பி-11 என்னும் சிறுகணினி வரிசையாகும்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் பி.டி.பி-7 கணினியில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம், பின்னர் பி.டி.பி-11/20க்கு மாற்றப்பட்டபோது, அந்தக் கணினியில் இருந்தது 24 கிலோபைட் நினைவகம் மட்டுமே. அதில் 16 கிலோபைட்டை இயங்குதளம் எடுத்துக்கொள்ள, பயனர் நிரல்களுக்கு எஞ்சியது 8 கிலோபைட். இயங்குதளம் சி மொழியில் திருத்தி எழுதப்பட்ட பின், 1974இல் வெளியான கட்டுரையில், பி.டி.பி-11/45இல் 144 கிலோபைட் நினைவகம் இருந்ததாகவும், அதில் 42 கிலோபைட்டை இயங்குதளம் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டதாகவும் இருவரும் குறிப்பிட்டனர்.

இந்த வளர்ச்சிக்கு முதல் தடையாக நின்றது முகவரியின் நீளம். 16 பிட் முகவரியால் 65,536 பைட்டுகளை, அதாவது 64 கிலோபைட்டை மட்டுமே சுட்ட முடியும். அதிலும் உச்சியிலுள்ள 8 கிலோபைட் வட்டு, முனையம் முதலிய புறச்சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் நினைவகத்துக்குக் கிடைத்தது 56 கிலோபைட். இந்த எல்லையைக் கடப்பதற்காகப் பி.டி.பி-11/40, 11/45 போன்றவற்றில் நினைவக மேலாண்மைச் சுற்று அமைக்கப்பட்டது. அது ஒவ்வொரு நிரலின் முகவரிப் பரப்பையும் அதிகபட்சம் 8 கிலோபைட் கொண்ட எட்டுப் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் 18 பிட் இயல் முகவரியில் வேண்டிய இடத்தில் பொருத்துகிறது. இதனால் கணினியின் மொத்த எல்லை 256 கிலோபைட்டாக உயர்ந்து, புறச்சாதனப் பகுதி நீங்கலாக 248 கிலோபைட் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாவது தடை அட்டையின் இயல்பைச் சார்ந்தது. தொடக்க கால நினைவகங்கள் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான நுண்ணிய வளையங்களைக் கம்பிகளில் கோத்து உருவாக்கப்பட்டவை. அவை மின்சாரம் நின்ற பின்னும் தகவலைக் காத்தன. அவற்றுக்குப் பின் வந்த குறைகடத்திச் சில்லுகள் பலவற்றில் பதிந்த தகவலைத் தொடர்ந்து புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். பி.டி.பி-11/34 போன்ற கணினிகளின் சில செருகுவாய்களில் வளைய நினைவகத்துக்கான 20 வோல்ட் மின்னழுத்தம் வருவதால், அதை ஏற்காத அட்டையை அங்கே செருகினால் அட்டை பழுதாகக்கூடும். எனவே பழங்கணினியைச் சீரமைப்போர், செருகுவதற்கு முன்பே முள்முனைகளின் இணைப்பைக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, மென்பொருளின் பார்வை. 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு, தொடங்கும்போதே 64 பைட் அளவுள்ள துண்டுகளாக நினைவகத்தைத் தொட்டுப் பார்த்து, கிடைத்த துண்டைத் துடைத்து, பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே செல்கிறது. பதில் கிடைக்காத முதல் முகவரியில் எண்ணிக்கையை நிறுத்திவிடுகிறது. இரண்டு அட்டைகளின் முகவரிகளுக்கு இடையே சிறு இடைவெளி விழுந்தாலும், இடைவெளிக்கு அப்பாலுள்ள நினைவகம் யூனிக்ஸுக்கு இல்லாததாகவே ஆகிவிடுவதால், அட்டைகளிலுள்ள சிறு விசைகளைக் கொண்டு தொடக்க முகவரிகளை இடைவெளியின்றி அமைப்பது இன்றியமையாதது.

இவ்வளவு முயற்சியின் பயன், ஒரே நேரத்தில் பலர் பணியாற்றும்போது வெளிப்படுகிறது. இடம் போதாதபோது ஆறாம் பதிப்பு ஒரு நிரலை முழுமையாக வட்டுக்கு நகர்த்தி, மற்றொன்றை உள்ளே கொண்டுவருகிறது. நினைவகம் பெருகும்போது இந்த நகர்த்தல் குறைந்து, பயனர் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. ஆயினும் 11/40இல் தனியொரு நிரல் காணும் பரப்பு 64 கிலோபைட்டாகவே நீடித்ததால், நிரல்களைச் சிறியனவாக எழுதி இணைத்துப் பயன்படுத்தும் யூனிக்ஸ் மரபு அந்தச் சூழலுக்கு மிகவும் பொருந்தியது.

இந்தியாவும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு அந்நியமன்று. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினி, 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களை வளைய நினைவகத்தில் தாங்கியது. பின்னர், பொருளியலாளரும் அப்போது இந்திய ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநருமான சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, 1984இல் வங்கிப் பணிகளில் கணினியைப் புகுத்தப் பரிந்துரைத்தது. அதையொட்டி வங்கிகளுக்கு வந்த பல்பயனர் கணினிகள் பலவற்றில் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களே இயங்கின.

பண்டைய யூனிக்ஸ் பதிப்புகளின் மூலநிரலைக் கல்டேரா நிறுவனம் 2002இல் தடையற்ற உரிமத்தில் வெளியிட்டது; பி.டி.பி-11ஐ மென்பொருளாகவே உருவகப்படுத்தும் சிம்ஹெச் நிரலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சிற்றூரில் பயிலும் மாணவர்கூட, அரிய பழங்கணினியைத் தேடாமலே, சாதாரண மடிக்கணினியில் அந்த உருவகக் கணினியின் நினைவகத்தை மாற்றி மாற்றி அமைத்து, ஆறாம் பதிப்பு தொடங்கும்போது அறிவிக்கும் அளவு எவ்வாறு மாறுகிறது எனக் காணலாம். கணினியை வாங்கிப் பயன்படுத்தும் பொருளாக மட்டும் அறிந்த தலைமுறை, அதன் உள்ளமைப்பை முழுமையாகப் புரிந்துகொள்வதற்கு, ஒருவரே படித்து முடிக்கத்தக்க அளவில் அமைந்த இந்தச் சிறிய இயங்குதளத்தைவிடச் சிறந்த பாடநூல் அரிது.