வரிசையின் வால் எங்கே?

செவ்விளக்கின் முன்னே வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையின் நீளம் யாது என்று கேட்டால், அளந்து சொல்லிவிடலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். இதே கேள்வியைக் கணினியிடம் கேட்கும்போது, வரிசை என்ற சொல்லுக்கே முதலில் பொருள் வகுக்கவேண்டியிருக்கிறது.

வீதிப் போக்குவரத்தைக் கணினித் திரையில் நடத்திக்காட்டும் மென்பொருள்கள் பல உள்ளன. ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகரிலிருந்து 1992இல் வெளிவந்த விஸ்சிம் அவற்றுள் ஒன்று. அந்நாட்டு விமான, விண்வெளி ஆய்வு நிலையம் 2001 முதல் வழங்கிவரும் சூமோ மற்றொன்று. ஒவ்வொரு வாகனமும் தன் முன்னே செல்வதைப் பார்த்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுவதாக இவை கணக்கிடுகின்றன. சந்தியொன்றைத் திருத்தியமைக்குமுன் பொறியியலாளர் அதனை இவற்றில் ஓட்டிப் பார்ப்பர்.

முற்றாக நின்ற வாகனத்தை மட்டும் எண்ணினால், ஊர்ந்து வருவது விடுபட்டுப்போகும். ஆகவே விஸ்சிம் இரண்டு வேகங்களை எல்லையாகக் கொள்கிறது. மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கிய வாகனம் வரிசையில் சேரும். 10 கிலோமீற்றரைத் தாண்டிய பின்னரே விலகும். எல்லை ஒன்றேயாயின், நின்றும் நகர்ந்தும் செல்லும் வாகனம் ஓயாமல் உள்ளே வெளியே என்று கணக்கைக் குழப்பிவிடும் அன்றோ?

இடைவெளியும் கவனிக்கத்தக்கது. பயன்படுத்துவோர் மாற்றியமைக்காவிடின், விஸ்சிம் 20 மீற்றர் வரையிலான இடைவெளியை ஒரே வரிசைக்குள் அனுமதிக்கிறது. சூமோவின் அளவியோ 10 மீற்றரோடு நின்றுவிடுகிறது. வரிசையின் நடுவே 15 மீற்றர் வெற்றிடம் இருப்பின், ஒன்று அதனை ஒரு வரிசை என்னும்; மற்றது இரண்டு என்னும். இரண்டுமே பிழையல்ல. ஆனால் எந்த அளவுகோல் என்று குறிப்பிடாமல் நீளத்தை மட்டும் அறிக்கையில் எழுதுவது பொறுப்பான செயலாகாது.

இனி, வாலைப் பார்ப்போம். 50 செக்கன் செவ்விளக்கின்போது, 5 செக்கனுக்கு ஒன்றாகப் பத்துக் கார்கள் வந்து நிற்கின்றன என்று கொள்க. இடைவெளியோடு சேர்த்துக் காருக்கு 7.5 மீற்றர் வீதம் 75 மீற்றர் ஆகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் வரிசை குறையத் தொடங்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பதோ வேறு. முன்னவர் புறப்பட்ட பின்னரே அடுத்தவர் புறப்படமுடியும். அதற்கு ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு செக்கன் வேண்டும். அசைவு பத்தாவது காரை எட்டுவதற்குள் பின்னால் மேலும் இரண்டு வந்து சேர்ந்துவிடும். தலை கரைந்துகொண்டிருக்கையிலேயே வால் 90 மீற்றரை எட்டிவிடுகிறது. வலப்புறம் திரும்புவோருக்கென 80 மீற்றர் ஒழுங்கை ஒதுக்கப்பட்டிருந்தால், கடைசிக் கார் நேரே செல்வோரின் பாதையை மறித்து நிற்கும். அதிவேக வீதியிலிருந்து இறங்கும் கிளைவழியில் இவ்வாறு வால் நீண்டால், முழு வேகத்தில் வருவோர் நின்றுகொண்டிருக்கும் வாகனத்தின் முதுகில் மோத நேரிடும்.

இதனாலேதான் விஸ்சிம், முன்னே நின்றவை போய்விட்ட பின்பும், நிறுத்தக் கோட்டிலுள்ள அளவியிலிருந்து வால்வரை முழுத் தூரத்தையும் அளக்கிறது. சராசரியை நம்பினால் இவ்வாபத்து கண்ணுக்குப் படாது. வீதி வெறுமையாகக் கிடந்த கணங்களும் சராசரியில் கலந்துவிடுகின்றன. ஒழுங்கையின் நீளத்தைத் தீர்மானிப்பவர் பெரும நீளத்தையே நோக்கவேண்டும். அதுவும் ஒரேயொரு ஓட்டத்தில் அன்று. வாகனங்கள் வந்துசேரும் தற்செயல் ஒழுங்கை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இன்னுமொரு பொறி உண்டு. கணினியில் வரைந்த வீதி 300 மீற்றரோடு முடிந்தால், வரிசையும் அங்கேயே முடிந்ததாகத் தோன்றும். உள்ளே நுழைய இடமின்றி வெளியே காத்துநிற்கும் வாகனங்கள் நீளக் கணக்கில் சேரா. அவற்றின் தொகையை மென்பொருள் வேறிடத்தில் தெரிவிக்கும். அத்தொகை பூச்சியமல்லாவிடின், வீதியை இன்னும் நீட்டி வரைந்து, மீண்டும் ஓட்டவேண்டியதுதான்.