பழைய மோட்டோகிராஸ் வண்டியும் அக்காவின் சீட்டுப் பணமும்

போன வருடம் பங்குனிப் பொங்கலுக்கு செட்டியார்பட்டி போனபோது அக்கா வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி நின்றது. விலக்கிப் பார்த்தால் பழைய யமஹா ஒய்.இசட் 125. விளக்கு இல்லை, நம்பர் பிளேட் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தான் மருமகன். கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் 75,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான்.

"மாமா, இத டிரெயில் ரேஸுக்கு மாத்தணும். கையில 45 ஆயிரம் இருக்கு. நீங்கதான் கணக்குப் போட்டுத் தரணும்."

அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்: "தம்பி, அது என் சீட்டுப் பணம். மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அத மட்டும் மனசுல வச்சுக்கோ."

எனக்குத் தொழில் மென்பொருள். மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை எடுத்தால் அடிவரை தோண்டாமல் விடமாட்டேன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். அப்படித் தோண்டியதில் கிடைத்ததையும், நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவைக்கிறேன்.

மோட்டோகிராஸ் வேறு, டிரெயில் வேறு

பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உயரமான வண்டி, முள்ளு முள்ளாக டயர். ஆனால் வேலை வேறு. மோட்டோகிராஸ் என்பது மூடிய களத்தில் அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓட்டுவது. மேட்டில் ஏறி இருபது முப்பது அடி பறந்து விழ வேண்டும். டிரெயில் பந்தயம் மணிக்கணக்கில் ஓடுவது. பாறை, வேர், ஓடை மணல், ஒற்றையடிப் பாதை. அங்கே வேகத்தைவிட, நின்றுபோகாமல் போவதுதான் முக்கியம்.

இந்த வகைப் போட்டிகளில் பழமையானது 1913-இல் இங்கிலாந்தில் தொடங்கிய சர்வதேச ஆறு நாள் போட்டி. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த போட்டியில், பின்பக்கம் சஸ்பென்ஷன் வைத்த புது மாதிரி என்ஃபீல்டு புல்லட் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்தப் புல்லட்தான் 1950-களின் நடுவில் நம் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. நம்ம ஊர் மாப்பிள்ளை வண்டி காட்டுப் பாதையில் பாஸானது என்பது பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் நம் தலைமுறைக்கு மண் வண்டி என்றால் ஆர்எக்ஸ் 100-தான். 1985 முதல் 1996 வரை வந்த 98 சிசி, 11 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக். சாலை வண்டியை மண்ணுக்கு மாற்றினோம். மருமகன் கேட்பது தலைகீழ்: களத்துக்கென்றே செய்த, 30 குதிரைத்திறனுக்கு மேல் தரும் முரட்டுக் குதிரையைப் பாதைக்குப் பழக்குவது.

முதல் மாற்றம்: காசே இல்லாதது

முதலில் தொட வேண்டியது சஸ்பென்ஷன். இதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் போதும். இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் சுமார் 300 மி.மீ. அசைவு இருக்கும். களத்தில் பறந்து விழுவதைத் தாங்க இறுக்கமாக வைத்திருப்பார்கள். அதே இறுக்கத்தோடு பாறைப் பாதையில் போனால் சக்கரம் கல்லின் மேல் துள்ளும், பிடிப்பு போகும், மணிக்கட்டு போகும்.

ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் கம்ப்ரஷன் திருகு உண்டு. முதலில் வலப்பக்கமாகக் கடைசிவரை திருகி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு இரண்டிரண்டு கிளிக்காக இளக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுபவர் முழு உடுப்போடு உட்காரும்போது பின்பக்கம் ஏறத்தாழ 100 மி.மீ., அதாவது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு, இறங்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைவாகவோ அதிகமாகவோ இருந்தால் ஸ்ப்ரிங் அவர் எடைக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பல் கணக்கு

எங்கள் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட் 13 பல், பின்னால் 48. விகிதம் 3.69. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 12 ஆக்கினால் விகிதம் 4.0. இதே பலனைப் பின்னால் வாங்க வேண்டுமென்றால் 52 பல் போட வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். உச்ச வேகம் 8 சதவீதம் குறையும். ஒற்றையடிப் பாதையில் அது யாருக்கு வேண்டும்? ஒரு குறை: சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகமாக வளைவதால் சீக்கிரம் தேயும், ஸ்விங் ஆர்மில் இருக்கும் ரப்பர் பட்டையையும் அரிக்கும்.

ஃப்ளைவீல்: எட்டில் ஒரு பங்கு

மோட்டோகிராஸ் எஞ்சின் விருட்டென்று சுற்ற வேண்டும் என்பதற்காக ஃப்ளைவீலை இலேசாக வைப்பார்கள். அதனாலேயே மெதுவாகப் போகும்போது சின்னக் கல் தட்டினாலும் பொக்கென்று நின்றுவிடும். தீர்வு: ஃப்ளைவீலில் ஒரு கனமான வளையம் சேர்ப்பது.

250 கிராம் வளையம் எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டேன். 4 செ.மீ. ஆரத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அது சேமிக்கும் ஆற்றல் சுமார் 20 ஜூல். வண்டியும் ஆளும் சேர்ந்து 165 கிலோ என்றால், 10 செ.மீ. கல்லில் ஏற சுமார் 160 ஜூல் தேவை. அதாவது எட்டில் ஒரு பங்கை வளையமே கொடுத்துவிடுகிறது. எஞ்சின் திணறும் அந்த அரை நொடிக்கு இது பெரிய கைத்தாங்கல்.

ராஜபாளையத்தில் மில்களுக்கு உதிரிபாகம் செய்யும் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. "மாமா, 800 ரூபாய்ல கடைஞ்சு தர்றேங்கிறாரு" என்றான் மருமகன். வேண்டாம் என்றேன். இந்த எஞ்சின் 11,000 சுற்று வரை போகும். அந்தச் சுற்றில் 4 செ.மீ. ஆரத்தில் வெறும் ஒரு கிராம் ஏற்றத்தாழ்வு இருந்தால்கூட அது சுமார் ஐந்தரை கிலோ எடையால் இழுப்பதற்குச் சமம். நொடிக்கு 180 தடவைக்கு மேல் அந்த இழுப்பு கிராங்க் பேரிங்கைத் திசைக்குத் திசை ஆட்டும். அதனால் சமன் செய்த வளையத்தையே வரவழைத்தோம். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் இது.

சக்கரம், தகடு, தையல்

மோட்டோகிராஸ் பின் சக்கரம் 19 அங்குலம். டிரெயில் வண்டியில் 18. ஏன்? 100/90-19 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ.; 110/100-18 டயருக்கு 110 மி.மீ. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் 20 மி.மீ. கூடுதல் ரப்பர். டியூப் நசுங்கிப் பஞ்சராவது குறையும். ஹப்பை அப்படியே வைத்து 18 அங்குல ரிம் கோத்தோம். டயர் பாதி தேய்ந்ததுதான்.

எஞ்சின் அடியில் 4 மி.மீ. அலுமினியத் தகடு, கைக்காப்பு, சைடு ஸ்டாண்டு எல்லாம் உள்ளூர் வெல்டிங். சீட் உறைக்கு எங்கேயும் அலையவில்லை. செட்டியார்பட்டி, தளவாய்புரம் தெருக்களில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின். நைட்டி தைக்கிற பக்கத்து வீட்டு அக்காவே ரெக்சினை மூன்று தையல் ஓட்டிக் கொடுத்தார். 600 ரூபாய், இதுவரை பிரியவில்லை.

பெட்ரோல்

இந்த வண்டியில் ஆர்எக்ஸ் 100 போலத் தனி ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலிலேயே டூ-டி ஆயில் கலக்க வேண்டும். 30-க்கு 1 என்றால் லிட்டருக்கு 33 மி.லி. கார்புரேட்டர் ஜெட் விஷயத்தில் ஒரு வேடிக்கை. 15 டிகிரிக் குளிருக்கு வைத்த ஜெட், நம்ம ஊர் 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைவதால் பெட்ரோலை அதிகமாக விடும். ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. எதற்கும் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் நல்லது, வெளுத்திருந்தால் ஆபத்து. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் வைக்காதீர்கள்.

என் முட்டாள்தனம்

எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டன், ரிங், கேஸ்கெட் மாற்றினோம். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்கள் "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டேன். 1,400 ரூபாய் மிச்சம்.

ஓட்டிப் பார்த்தபோது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் உயரத்திலேயே நின்றது. ஐடில் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். அறிகுறியை மறைத்தேன் என்பதுதான் சரி. மென்பொருளில் பிழைச் செய்தியை அணைத்துவிட்டு "சரியாயிருச்சு" என்று சொல்வது மாதிரி.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் தென்னந்தோப்பில், நல்ல வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டி வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. மருமகன் விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருந்ததால் உடனே அழுத்திவிட்டான். அரை நொடி தாமதித்திருந்தால் முன்னால் தென்னை மரம். அவன் சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். எனக்குக் கால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

காரணம் இடப்பக்கச் சீல். அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துவிட்டது. நீர்த்த கலவையில் சூடு அதிகம், ஆயில் குறைவு. வலப்பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை காட்டிக்கொடுத்திருக்கும். இடப்பக்கம் புகையே காட்டாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு, காசு வேண்டாம். புகைபோக்கி வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பரால் அடைத்து, எஞ்சினுக்குள் சுமார் 5 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, இறங்குகிறதா என்று பார்ப்பது. 5 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 260 மி.மீ. பாதரசம். அக்காவின் பழைய பிபி பார்க்கும் கருவியின் பம்பும் மீட்டரும் இதற்குக் கச்சிதம்! 250-இல் நிறுத்தினேன். ஒரு நிமிடத்தில் 100-க்கு வந்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் இடப்பக்கச் சீலில் நுரை. புதுச் சீல் போட்டபின் ஐந்து நிமிடம் முள் அசையவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் எது வாங்கினாலும், முதல் உதைக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

கணக்கு

பிஸ்டன், ரிங், கேஸ்கெட் 9,500, ஃபோர்க் சீல், ஆயில் 2,800, செயின், ஸ்ப்ராக்கெட் 6,200, ஃப்ளைவீல் வளையமும் கழற்றும் கருவியும் 11,500, ரிம், கம்பி, டயர், டியூப் 9,000, தகடு, ஸ்டாண்டு, கைக்காப்பு 3,400, சீட் 600. மொத்தம் 43,000. பட்ஜெட்டுக்குள்தான் இருந்தது. பிடித்துக்கொண்ட பிறகு இன்னொரு பிஸ்டன் செட் 9,500, சீல்கள் 1,400, கூலியும் மற்றதும் 2,100. ஆக 56,000. சிலிண்டரின் உள்பூச்சு தப்பியது அதிர்ஷ்டம். 1,400-ஐ மிச்சம் பிடித்தவன் நான் என்பதால் கூடுதல் 11,000-ஐ நானே கொடுத்தேன்.

எங்கே ஓட்டுவது?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. களத்துக்கென்று செய்தது, பதிவு எண் கிடைக்காது. விளக்கும் ஹாரனும் மாட்டினால் மட்டும் சாலை வண்டி ஆகாது. பதிவுள்ள வண்டியைக்கூட உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தோப்புக்குக்கூடச் சின்ன யானையில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம்.

வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை கூப்பிடுகிறது. ஆனால் அது 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் நடந்து போவதே குற்றம். டூ-ஸ்ட்ரோக் அலறலோடு போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "மலையடிவாரம் வரைக்குமாவது?" என்று கேட்டான். மரத்துக்கு மரம் தாவிப் பிழைக்கிற அந்த அணிலுக்கு வேறு ஊர் இல்லை மாப்ள, உனக்குத் தோப்பு இருக்கு என்றேன். முறையான போட்டி வேண்டுமென்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு அனுமதிக்கும் பந்தயங்கள், அதற்கான உரிமம், மருத்துவச் சான்று. அதுதான் வழி.

ஆகவே என் முடிவு: சாலையிலும் ஓட்டி, எப்போதாவது மண்ணிலும் இறங்க ஒரே வண்டி வேண்டும் என்பவர்கள் இந்த வேலையில் இறங்காதீர்கள். இதே 1,31,000 ரூபாய்க்குப் பதிவுள்ள நல்ல பழைய எக்ஸ்பல்ஸ் 200 பார்க்கலாம். ஓட்ட இடமும், ஏற்றிப்போக வண்டியும், எஞ்சினைப் பிரிக்கும் ஆசையும் இருப்பவர்களுக்கு மட்டுமே இது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தோப்பில் வாய்க்கால் மேட்டில் கல் அடுக்கி, பத்து முறை ஏறிக் காட்டினான். முன்பெல்லாம் பத்துக்கு ஆறு முறை எஞ்சின் நின்றுபோகும். இப்போது ஒரு முறைதான். அக்கா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பணம் வீணா போகல, இல்ல தம்பி?" என்றாள்.

"இன்னும் தெரியலக்கா" என்றேன். பிபி கருவியைத் திருப்பிக் கொடுத்தேன். துடைத்துவிட்டுத்தான்.