இலவசமாக வரும் தோல் ஆலைக் கசடு: வயலுக்குப் போடலாமா?

‘தோல் ஷாப்பு ஸ்லட்ஜ் இலவசமாக இறக்கித் தருகிறேன் என்கிறார்கள். சாணம் கலந்து, மண்புழு விட்டு மக்க வைத்தால் அதிலுள்ள குரோமியம் போய்விடுமா?’ என்று ஆம்பூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

போகாது. மக்கும்போது குறைவது கரிமப் பொருள் மட்டும்தான், உலோகம் மக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 டன் உலர்ந்த கசடில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 6 கிலோ. மக்கி 1.5 டன் ஆனாலும் அந்த 6 கிலோ அப்படியே இருக்கும். கிலோவுக்கு 4,000 மில்லிகிராம் என்று ஏறிவிடும். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு அனுமதிக்கும் அளவோ 50 மில்லிகிராம்தான். சாணம் கலந்தால் விகிதம் குறையும், வயலுக்குப் போகும் கிலோ குறையாது.

உலோகத்தைப் பிரிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கசடில் கந்தகத் தூள் கலந்து காற்றோட்டம் கொடுத்தால், கந்தகத்தைத் தின்னும் ஒருவகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். கார அமில நிலை 2 அளவுக்கு இறங்கும்போது உலோகங்கள் கரைந்து தண்ணீருக்கு வரும். துத்தநாகம், தாமிரம் சீக்கிரம் கரையும். குரோமியத்துக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். பிறகு கசடைப் பிழிந்து கழுவி, வடிந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் உலோகம் அடியில் படியும். அந்தப் படிவைக் காப்பான குழியில்தான் சேர்க்க வேண்டும். இவ்வளவும் ஆலையில் நடக்க வேண்டிய வேலை, களத்துமேட்டில் அல்ல.

இதைவிட நல்லது, கசடுக்குள் குரோமியத்தை வரவிடாமல் தடுப்பது. பதனிட்ட குரோம் நீரைத் தனியாகப் பிடித்து மக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோல் பதனிடவே பயன்படுத்தலாம். ஆலைக்கும் மிச்சம்.

நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், கருப்பாக எருபோல இருந்த கசடைப் பார்த்து ‘போடலாம் ஐயா’ என்று ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்த தழைச்சத்தால் முதல் போக நெல் கரும்பச்சையாக வந்தது. அவரும் என்னை வாயாரப் பாராட்டினார். அடுத்த கோடையில் மண்மேல் உப்புப் பூத்தது. நாற்று வேர் கருகியது. குரோமியத்துக்கு முன்னால் உப்பே வேலையைக் காட்டிவிட்டது.

ஏற்கெனவே போட்டவர்கள் மேற்கொண்டு லோடு வாங்க வேண்டாம். கீரையும் கிழங்கும் அந்த வயலில் வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில் குரோமியம் தெரியாது. கனஉலோகப் பரிசோதனை என்று தனியாகக் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் விசாரிக்கலாம். முடிவு வரும்வரை தொழு உரம் தாராளமாக இடுங்கள். அது நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை வீரியம் குறைந்த மூன்று இணைதிறனுக்கு மாற்ற உதவும். யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பை மட்டும் கொட்டாதீர்கள். காட்மியம், காரீயம் அதற்குக் கட்டுப்படும். ஆறு இணைதிறன் குரோமியம் கட்டுப்படாது.