தக்கடி: கைப்பக்குவம் ஏட்டில் ஏறட்டும்

மாவுக் கொழுக்கட்டை பல நாடுகளிலும் உண்டு. போலந்து மக்களின் பியரோகி, பூரணம் வைத்து மடித்து வெந்நீரில் வேகவைக்கும் கோதுமைக் கொழுக்கட்டை. அதன் செய்முறை 1682-இல் அச்சான சமையல் நூலிலேயே இடம்பெற்றுவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை இல்லங்களின் தக்கடியோ, பெரும்பாலும் உம்மாமாரின் கைப்பக்குவத்திலேயே வாழ்கிறது.

வறுத்த அரிசி மாவுடன் தேங்காய்த் துருவல், நறுக்கிய வெங்காயம், மரக்காணத்து உப்பு சேருங்கள். கறிக்குழம்பின் மேலே தெளியும் எண்ணெயையும் சூடான சாற்றையும் ஊற்றிப் பிசையுங்கள். உருண்டைகளாகப் பிடித்துக் கொதிக்கும் குழம்பில் ஒவ்வொன்றாக இடுங்கள். வேகும்வரை கிளறலாகாது, உடைந்துவிடும். மாவு சாற்றை உறிஞ்சுவதால் சிறிதளவு இறைச்சியே பெருங்குடும்பத்திற்குப் போதும்.

கண்ணளவாக அள்ளும் உம்மாவின் கைப்பிடியை ஆழாக்கால் அளந்து, இன்றே எழுதி வையுங்கள். அவர்களுக்குப் பின் யாரிடம் கேட்பீர்கள்?